முப்பத்தொரு அடி வண்டி

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் பேசுகிற உத்தியோகம் எனக்குத்தான். பத்து வயதிலேயே பள்ளிக்கூடக் கடிதம், பல் வைத்தியரின் ஃபோன் எல்லாம் என் தலையில் விழுந்துவிட்டன. அப்பாவுக்கும் வேலைத்தலத்து ஆங்கிலம் வரும். ஆனாலும், நான் கதைத்தால்தான் வெள்ளைக்காரர் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று என்னை முன்னே தள்ளிவிடுவார். எனக்கு அதில் தலைக்கனமும் இருந்தது.

அந்தக் கோடையில் படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார்ஹோம் வண்டி எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் இரண்டு இரவு தங்குவதென்று பெரியப்பா முடிவு செய்தார். அவர் ஒரு மணித்தியால தூரத்தில், ஒஷாவாவில் இருந்தார். நாங்கள் நகரத்து நடுவில், சென் ஜேம்ஸ் ரவுணில், ஓர் அடுக்குமாடியின் பதினாலாம் மாடியில். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவரும் தம்பியான அப்பாவும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள். பூங்காவில் இடம் பிடிப்பது அப்பாவின் பொறுப்பு. தண்ணீருக்குப் பக்கத்தில், இருபத்தைந்து அடிக்கு மேல் நீளமான வண்டி நுழையக்கூடாத ஓர் இடத்தைப் புக் பண்ணினார். பெரியப்பா சொல்லியிருந்த வண்டிக்கு அது தாராளம்.

அதற்குள் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, குடும்பத்தோடு கனடாவுக்கு வந்து சேர்ந்தார். புதிதாக வந்தவர்களை வீட்டில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. பெரியப்பா ஒருவருக்கும் சொல்லாமல் பெரிய வண்டியாக மாற்றி எடுத்து வந்து, வெள்ளிக்கிழமை காலை எங்கள் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தி ஹோர்ன் அடித்தார். முப்பத்தொரு அடி. அப்பாவின் முகமெல்லாம் பெருமை. அடிக்கணக்கு அவருடைய நினைவிலேயே இல்லை.

எனக்கு மட்டும் போக விருப்பமில்லை. மறுநாள் சனிக்கிழமை, பக்கத்துக் கட்டடத்தில் என் சிநேகிதியின் பிறந்தநாள். வண்டியில் ஏறும்வரை அழுதேன்.

“பிறந்தநாள் வருசா வருசம் வரும், குஞ்சு. நாங்கள் எல்லாரும் ஒண்டாப் போறது வருமோ?” என்றார் பெரியப்பா.

பூங்கா வாசலில் தொப்பி போட்ட உத்தியோகத்தர் ஒருத்தி வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அளவுநாடாவோடு வந்தாள். சீருடையைக் கண்டதும் பெரியப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. யுத்த காலத்து ஊரில் எத்தனை சோதனைச்சாவடிகளைத் தாண்டி வந்தவரோ, பார்க்கிங் காவலாளியிடம்கூடக் கடதாசிகளை இரண்டு கையாலும் நீட்டுகிற மனிதர். ஆகவே நான் இறங்கினேன். நாடாவின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு அப்பா வண்டியின் பின்பக்கம் போனார்.

அவள் அளவைக் குறித்துக்கொண்டு, என் உயரத்துக்குக் குனிந்து பொறுமையாகச் சொன்னாள். புக் பண்ணிய இடத்துக்குப் போகிற வளைவில் இந்த வண்டி திரும்பாது, மரங்களில் உரசும். ஆனால் கடற்கரை மாதிரி மணல் போட்ட மறுபக்கத்தில் நீள வண்டிகளுக்கான இடங்கள் இருக்கின்றன. இரண்டு காலியாகக் கிடக்கின்றன. அலுவலகத்தில் ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். விளங்கியதா என்றும் கேட்டாள். விளங்கியது என்றேன். அவள் அடுத்த காருக்குப் போய்விட்டாள்.

“என்னவாம், பிள்ளை?” பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

“இவ்வளவு நீள வண்டிக்கு இடமில்லையாம், அப்பா. திரும்பிப் போகட்டாம்.”

முன்கூட்டி யோசிக்கவில்லை. வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது. வண்டி திரும்பியபோது அந்தப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

பாதி வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் பெரியப்பா வண்டியை நிறுத்தினார். தன்னைக் கேட்காமல் ஏன் வண்டியை மாற்றினீர்கள் என்று அப்பா தொடங்கினார். உன் மனைவியின் ஆட்களை ஏற்றத்தான் மாற்றினேன் என்றார் பெரியப்பா. சின்னம்மா வண்டிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு வளர்ந்தது. கடைசியில் பெரியப்பா சொல்லக்கூடாததைச் சொன்னார்.

“உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவன் நான். அதை மறந்திடாத.”

அப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பிறகு, “இவ்வளவு காலமும் இதைத்தான் மனசில வச்சிருந்தனீங்களோ, அண்ணை?” என்றார். குரல் உயரவேயில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து சமைத்த ஆட்டிறைச்சிக் கறி மூடி திறக்காமல் வீடு வந்தது. அடுத்த நாள் பிறந்தநாள் வீட்டில் நான் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன். சந்தோசமாகத்தான் இருந்தேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது.

நானும் பெரியப்பாவின் மகளும் காலையில் சண்டை பிடித்தால் பின்னேரம் சேர்ந்துவிடுவோம். பெரியவர்களுக்கும் அப்படித்தான், மிஞ்சினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. பெரியப்பாவின் வீட்டுக்கு அப்பா திரும்பவும் போனது பன்னிரண்டு வருடம் கழித்து, அவருடைய செத்தவீட்டுக்குத்தான்.

திரும்பி வரும்போது நான் கார் ஓட்டினேன்.

“அண்டைக்கு உள்ளுக்க ஒரு இடம் கிடைச்சிருந்தால், அண்ணை அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டார்,” என்றார் அப்பா. “பாவம், அவரும் என்ன செய்யிறது. இடம் இல்லையெண்டுட்டாங்கள்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தெருவைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நான் ஆங்கிலத்தில் கேட்டுவந்து சொன்ன எதையும் அப்பா இரண்டாம் முறை கேட்டதில்லை. என் கெட்டித்தனத்துக்கு அவர் தருகிற மரியாதை அது என்றுதான் பத்து வயதில் எண்ணியிருந்தேன். அந்த மனிதர் என்னை நம்பியிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.