சத்தம் போடாத துணி

கத்தி தீட்டத் துணி தேடுகிறவர்கள் விரலால் தடவிப் பார்ப்பார்கள். நான் காதால் தேடினேன்.

கல்பாக்கம் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டாம் மாடி. குளியலறைக் கதவின் கொக்கியில் ஒரு துணிப் பட்டையை மாட்டி, கீழ் நுனியை இடது கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, சவரக் கத்தியை அதன்மேல் படுக்கவைத்து மேலும் கீழும் ஓட்டுவேன். அந்த நேரத்தில் மனைவி வாசற்கதவைச் சாத்திவிட்டு வெளியே மாடிப்படியில் போய் நிற்பாள். எதிர்வீட்டுக்காரர்கள் நிற்கக்கூடிய இடத்தில், அவர்களுடைய காதோடு. பேருக்குக் கையில் ஒரு துடைப்பம். கொஞ்சம் கழித்து உள்ளே வந்து தீர்ப்பு சொல்வாள்.

"கேக்குது."

வேறு துணியை மாட்டுவேன். அவள் மறுபடி படிக்கு, மறுபடி துடைப்பம்.

"கம்மியாதான் கீது. ஆனா இன்னா சத்தம்னு கேட்டா இன்னா சொல்றது?"

எத்தனை துணிகள் அந்தக் கொக்கியில் தொங்கின. பழைய ஜீன்ஸின் ஒரு கால்: தையல் தடித்த இடத்தில் கத்தி துள்ளியது. கிழிந்த தோள்பையின் கான்வாஸ்: கஞ்சிப் பசை போக வெந்நீரில் ஊறவைத்து, அலசி, அரை ஈரத்திலேயே இஸ்திரி போட்டேன், நல்ல துணி, ஆனால் அரம் மாதிரி கரகரத்தது. செங்கல்பட்டில் பழைய கார் சாமான் விற்கிற கடையில் வாங்கிய சீட் பெல்ட்: சத்தமே இல்லை, சறுக்கு மட்டும் இருந்தது, கூர் வரவில்லை. ஒருமுறை மொட்டை மாடியில் காயப்போட்டு எடுத்த துணியில் கடற்காற்று ஒரு மணல் துகளைக் கொண்டுவந்து வைத்திருந்தது. அது கத்தியின் விளிம்பில் ஒரு பல்லை உண்டாக்கியது. அந்தப் பல் என் கன்னத்தில் ஒரு கோடு போட்டது. கடல் எங்கள் வீட்டுக்குள் எப்படியெல்லாமோ வரும். அன்று அப்படி வந்தது.

கடைசியாக, உடைந்துபோன கட்டிலிலிருந்து அவிழ்த்த நாடா. பலர் படுத்து எழுந்து, பலமுறை துவைத்து, பூனைக்குட்டியின் வயிறுபோல மெத்தென்று ஆகிவிட்ட பருத்தி நாடா. அவள் படியிலிருந்து வந்து, "தீட்டுனீங்களா இல்லியா?" என்று கேட்டாள். தீட்டி முடித்திருந்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். நல்ல செய்தி வந்த வீட்டில் சிரிப்பதுபோல.

மென்மையான நாடா தொய்யும். தொய்ந்த துணியில் ஓட்டினால் கத்தியின் கூர் உருண்டுபோகும், முடியை வெட்டாமல் இழுக்கும். தாடையில் கீறல்களோடு வேலைக்குப் போனேன். கேன்டீன் வரிசையில் ஒருவன் "இன்னா மச்சான், வூட்ல சண்டையா?" என்று கேட்பான். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். மனைவியோடு சண்டை என்று சொல்வது மரியாதையான காரணமாக இருந்தது.

செங்கல்பட்டில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில், என் அப்பா சலூன் வைத்திருந்தார். அவருடைய அப்பாவுக்கும் அதே தொழில். மனைவி வீட்டிலும் அதே. படித்து, பரீட்சை எழுதி, அணுமின் நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, சுவரும் சுவரும் ஒட்டிய குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் ஆள் நான். நைனா என்றுதான் அவரைக் கூப்பிட்டு வளர்ந்தேன். குடியிருப்புக்கு வந்த பிறகு அப்பா என்று மாற்றிக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எய்ட்ஸ் பயம் வந்தது. நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லாம் புது ப்ளேடு கேட்டார்கள். பாதி ப்ளேடு செருகுகிற கத்தி வந்து, அப்பாவின் மடக்குக் கத்தி கடையிலிருந்து என்னிடம் வந்தது. எனக்கு அது தேவைப்பட்டது. சாதாரண ரேசர் போட்டால் தாடைக்குக் கீழே முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாக எழும்பும் தோல் என்னுடையது. அந்தத் தோலும் அவர் கொடுத்ததுதான். கத்தியோடு, அதைத் தீட்டுகிற தோல் வாரையும் சேர்த்துக் கொடுத்தார். கத்தியை எடுத்துக்கொண்டு வாரைப் பரணில் போட்டேன். தோல் வார் பேசும். கத்தி திரும்புகிற ஒவ்வொரு முறையும் பட், பட் என்று ஊருக்குச் சொல்லும். சலூனில் ஒரே ஒருமுறை உட்கார்ந்தவனுக்கும் அது என்ன சத்தம் என்று தெரியும்.

குடியிருப்பில் யாரும் ஜாதி கேட்பதில்லை. எந்த ஊர் என்று கேட்பார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார்கள், அதுவே போதும். குடிவந்த வாரத்தில் எதிர்வீட்டு அம்மாள் கேட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், வாய் நிறையச் சிரிக்கிறவர். செங்கல்பட்டில் கடை என்றாள் மனைவி. என்ன கடை என்றார். மனைவியின் கண் அந்த அம்மாளின் கையிலிருந்த வளையல்கள்மேல் ஒரு நொடி நின்றது. ஃபேன்சி ஸ்டோர் என்றாள்.

அவள்தான் சொன்னாள் என்று எழுதுவது எனக்குச் சௌகரியம். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பொய் வந்து விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எதிர்வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. குழம்பு கொடுப்பார்கள், அவசரத்துக்கு ஸ்கூட்டர் கொடுப்பார்கள். மாதம் ஒருமுறை சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து அந்த வீட்டு ஐயாவுக்குப் பால்கனியில் முடி வெட்டுவார். என் அப்பாவைவிட வயதானவர். இந்த ஐயா அவரை "டேய், காதுகிட்ட பாத்துடா" என்பார். சாதாரணமாகத்தான் சொல்வார், பிரியமாகக்கூட. வெட்டி முடித்தவர் தண்ணீர் கேட்டால், படியில் உட்காரவைத்து, அதற்கென்று வைத்திருந்த டம்ளரில் ஊற்றுவார்கள். நான் அந்தப் படியில் அவரைத் தாண்டி இறங்கிப் போவேன். தாண்டும்போது என் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வேன். அவர் கண்ணில் பட்டால் என்னை அடையாளம் கண்டுவிடுவார் என்று நினைத்தேன். எதை வைத்து என்று கேட்டால் தெரியாது.

அப்பா ஒருமுறை எங்களோடு தங்க வந்தபோது, குளியலறைக் கொக்கியில் தொங்கிய நாடாவைப் பார்த்தார்.

"இன்னாடா இது, கட்டில் நாடாவா? கத்திய தூங்க வெக்கிறியா?"

கடற்காற்றில் தோல் வார் பூசணம் பிடிக்கிறது, அதனால்தான் துணி என்றேன். பாதி உண்மை. அவர் தலையாட்டினார். உப்புக் காற்று என்றால் அப்படித்தான் என்று எனக்கே எடுத்துச் சொன்னார். என் பொய்க்கு அவரே காரணம் தேடிக் கொடுத்தார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த முறை வந்தபோது செய்தித்தாளில் சுருட்டிய ஒன்றைக் கொண்டுவந்தார். பிரித்தால், தீயணைப்பு வண்டிகளில் இருக்குமே, தண்ணீர் பீய்ச்சுகிற பருத்திக் குழாய், அதில் ஒரு துண்டு. பழைய இரும்புக் கடையில் சொல்லிவைத்து வாங்கியிருக்கிறார். நீளவாக்கில் பிளந்து, உள்ளே ஒட்டியிருந்த ரப்பரை உரித்து, வெந்நீரில் அலசி, தூசி படாமல் வீட்டுக்குள்ளேயே காயவைத்து, பாட்டிலால் உருட்டி உருட்டித் தட்டையாக்கி, ஒரு நுனியில் கொக்கிக்கு வளையம் தைத்திருந்தார். நெசவு அவ்வளவு நெருக்கம். இழுத்தால் தொய்யவே தொய்யாது.

"துணிதான் வோணும்னா இத வெச்சிக்கோ. உங்க ஊரு காத்து ஒண்ணும் பண்ணாது."

நான் சொன்ன பொய்க்கு அவ்வளவு வேலை செய்திருந்தார்.

மறுநாள் காலை, கூடத்து ஜன்னல் கம்பியில் அதை மாட்டிக் கத்தியை ஓட்டிக் காட்டினார். சரக், சரக் என்று அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு கனத்த ஓசை. சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அப்பா நிறுத்திக் காத்திருந்தார். மிக்ஸி நின்றது. அவர் மறுபடி கத்தியை ஓட்ட, மிக்ஸி மறுபடி ஓடியது. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜாரில் ஒன்றுமே இல்லை. மனைவி மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு அம்மாள் முந்தின நாள் வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தார்.

"வாங்கய்யா, எப்ப வந்தீங்க? ஃபேன்சி ஸ்டோர் எல்லாம் நல்லா போகுதுங்களா?"

அப்பாவின் உள்ளங்கையில் கத்தி மடங்கியது. மடங்கிய கத்தி கைக்குள் மறைந்தது, கை வேட்டி மடிப்புக்குப் பின்னால் போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார், தொங்கிய துணியைப் பார்த்தார், மிக்ஸி நின்றிருந்த சமையலறையைப் பார்த்தார்.

"ஏதோ போவுதும்மா," என்றார். "முன்ன மாதிரி கண்ணாடி வளையல் இப்ப யாரு கேக்குறா. எல்லாம் பிளாஸ்டிக்குதான்."

அந்த அம்மாள் ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா என்று வளையல் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுப் போனார். எங்கள் பொய்யை எங்களைவிட நன்றாக அப்பா சொன்னார். அந்த நிமிஷத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அம்மாளிடம் வேண்டாம், அவரிடமாவது. கையில் செய்தித்தாள் இருந்தது. படித்தேன்.

அதற்கடுத்த நாள் காலை, குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். வாளி நிரம்பி வழிந்து தரையில் ஓடுகிற சத்தம். அப்பா குழாயைத் திறந்துவிடுகிறவர் இல்லை. செங்கல்பட்டு வீட்டில் தெருக் குழாயடியில் குடத்தோடு நின்ற வாழ்க்கை; யார் வீட்டுக்குப் போனாலும், குழாய் சொட்டினால் எழுந்துபோய் இறுக்கிவிட்டு வந்து உட்காருவார். மறந்துவிட்டார் போல என்று எழுந்து போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. கொக்கியில் அவர் கொண்டுவந்த குழாய்த் துணி. அதை இழுத்துப் பிடித்து, மெள்ள மெள்ள, தூங்குகிற பிள்ளையைத் தட்டுவதுபோலக் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். என் கை குழாயை நோக்கிப் போனது.

"ஓடட்டும்டா," என்றார். "தண்ணி ஓடட்டும்."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அன்று அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது, துணி எதற்கென்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டதா என்று மனைவி கேட்டாள். தெரியாது என்றேன். வீடு வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு அவர் வந்தபோதெல்லாம் ஊரிலேயே சவரம் செய்துகொண்டு வந்தார். தங்குகிற நாட்களில் நரைத்த முள் முளைக்கும். அதோடு திரும்பிப் போவார். கத்தி இருக்கிறதே என்பேன். இருக்கட்டும், ஊரில் பார்த்துக்கொள்கிறேன் என்பார். ஒருமுறை எதிர்வீட்டு அம்மாளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல், பச்சை, தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். செங்கல்பட்டில் எந்தக் கடையில் நின்று, எந்த அளவு என்று சொல்லி வாங்கினாரோ. "நம்ம கடை சரக்கும்மா," என்று நீட்டினார். அந்த அம்மாள் அங்கேயே போட்டுப் பார்த்துக் கையைக் குலுக்கிக் காட்டினார். அந்த வீட்டில் அது வெகுநாள் குலுங்கியது. எங்கள் சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

இப்போது நெம்மேலிப் பக்கம் தனி வீடு. நான்கு பக்கமும் சுவருக்கு வெளியே மணலும் சவுக்கும்தான், ஒட்டுச் சுவர் கிடையாது. அப்பா இந்த வீட்டைப் பார்க்கவில்லை. அவர் கொண்டுவந்த குழாய்த் துணி குளியலறைக் கொக்கியில் தொங்குகிறது, நடுவில் கத்தி ஓடின தடம் மட்டும் கறுத்து. முதலில் துணியில் கொஞ்சம், பிறகு பரணிலிருந்து இறக்கிய தோல் வாரில் கொஞ்சம். எவ்வளவு சத்தமும் போடலாம், கேட்க ஒருவரும் இல்லை.

ஆனாலும் ஒவ்வொரு காலையும், கத்தியை எடுப்பதற்கு முன்னால், என் கை போய்க் குழாயைத் திறக்கிறது. திறந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. மூடலாம் என்று பார்க்கிறேன். வாளி நிரம்புகிறது, நைனா.