கல்யாண வீடியோக்காரர் எடுத்த மறியல்

கள்ளக்குறிச்சி உள்ளூர் டிவி நிலையத்தில் நான் சம்பளமில்லாமல் அறிவிப்பு வாசித்த நாட்களில், அங்கே கேமரா பிடித்தவர் ஒரு கல்யாண வீடியோக்காரர். ஒல்லி உடம்பு, எப்போதும் சுருங்கிய இடதுகண். எதை எடுத்தாலும் முகத்துக்கு முகம் நின்று நின்று நகர்வார். பந்தியில் பழகிய கை அது.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரத்தை வெட்டிச் சாலையில் போட்டவர்களையும் அப்படியே எடுத்து வந்துவிட்டார். போட்டுப் பார்த்தால் ஒரு முகம் விடாமல் தெரிகிறது. அதற்குள், காலையில் வந்து கேசட்டை வாங்கிக்கொள்வதாகப் போலீஸிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னா சார் பண்றது?" என்ற வீடியோக்காரர், என் பதிலுக்குக் காத்திராமல், முன்பு எடுத்து வைத்திருந்த சிவன் கோயில் அபிஷேகத்தை அந்தக் கேசட்டின் மேலேயே பதிய ஆரம்பித்தார்.

"சாமிய வெச்சு மறைக்கிறீங்களேங்க. உங்க சொந்தக்காரங்களா?"

"நம்ம ஜாதியே இல்ல சார். பாதிப் பேருக்குக் கல்யாணம் நான்தான் எடுத்தேன். மீதிப் பேருக்கு இன்னும் ஆவல."

காலையில் அவர் ஒரு முகூர்த்தத்துக்குப் போய்விட்டார். கேசட்டைப் போலீஸ்காரர் கையில் கொடுத்தவன் நான்தான், நெற்றி நிறைய விபூதியோடு. சாமியை வைத்து மறைத்தது பாவமா என்று சாமியிடம் கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை. வீடியோக்காரர் கேட்டிருக்கவே மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.