தம்பி கிட்டாரும் என் கையும்

என் தம்பி செத்து மூணாம் மாசம் அவனோட கிட்டார் வீட்டுக்கு வந்துச்சு. துபாய்ல அவன்கூட ஒரே ரூம்ல இருந்த குடவாசல் பாய் ஒருத்தர், லீவுல வந்தப்ப தூக்கிட்டு வந்து குடுத்தாரு. "மத்த சாமானையெல்லாம் ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டாங்க. இதை மட்டும் அங்க விட மனசு வரலைங்க"ன்னாரு. தம்பிக்கு நாப்பத்தி நாலு வயசு. கல்யாணம் காட்சி எதுவும் இல்ல. வேலைக்குக் கெளம்புறப்ப நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவன் எழுந்திரிக்கலை.

கிட்டாரை அவன் தொட்டதே சாவுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான். ஒரு நாள் வாசிச்சு போன்ல குரல் பதிவு அனுப்பினான். நாப்பது செகண்டு இருக்கும். பாட்டுன்னு சொல்ல முடியாது, அவனா ஏதோ கோத்த மெட்டு. கடைசியில, "எப்படிக்கா இருக்கு? திட்ட மாட்டியே?"ன்னு கேட்டிருந்தான். "கழுதை வயசாச்சு, இப்ப எதுக்குடா உனக்கு இது?"ன்னு நான் பதில் போட்டேன். வீடியோ அனுப்புடா, எப்படி வாசிக்கிறேன்னு பாப்போம்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு. "ரூம்ல எல்லாரும் கைலியோட படுத்திருக்காங்கக்கா, அப்புறம் அனுப்புறேன்"னுவான். அனுப்பவே இல்ல.

கிட்டாரைப் பாத்ததும் எனக்கு ஒரு வெறி. தலைத் தெவசத்தன்னிக்கு அவன் போட்டோ முன்னாடி உக்காந்து அந்த நாப்பது செகண்டை நான் வாசிச்சே ஆகணும். யாரும் என்னைக் கேக்கலை. "அம்பது வயசுல கிட்டாரா? ஊரு சிரிக்கும்"னாரு என் வீட்டுக்காரர். சிரிக்கட்டும், பல்லு அவங்களோடதுதானேன்னேன்.

போன்ல வீடியோ பாத்துத்தான் ஆரம்பிச்சேன். கம்பிக்குச் சுருதி பாக்க ஒரு ஆப் இருக்கு, சரியா இருந்தா பச்சை காட்டும். ஆறு கம்பிக்கும் பச்சை காட்டுச்சு. அறுவாள் பிடிச்சுக் காய்ச்சுப் போன கைதான் என்னோடது, ஆனா காய்ப்பெல்லாம் உள்ளங்கையில. விரல் நுனி பச்சைப் புள்ளை விரல் மாதிரி இருந்திருக்கு போல, கம்பியை அழுத்தினா உசுரு போச்சு. பத்து நாள்ல நுனி கெட்டிப்படும். அதுக்குள்ள நடவு வந்துரும். ஒரு நாள் முழுக்கச் சேத்துல கை ஊறினா காய்ப்பெல்லாம் தோலோட உரிஞ்சு வந்துரும். மறுபடியும் மொதல்லேர்ந்து.

வலியைக்கூடத் தாங்கிக்கிட்டேன். சத்தத்தைத்தான் தாங்க முடியலை. வீடியோவுல இருக்கவரு வெக்கிற மாதிரியே மூணு விரலையும் வெப்பேன். அவருக்கு இனிமையா வரும், எனக்கு ஓட்டை அண்டாவைத் தட்டின மாதிரி வரும். அவரு கிட்டார்ல ஓட்டைக்குக் கீழே ஒரு கருப்புப் பட்டை ஒட்டியிருந்துச்சு, நம்மளதுல மேலே இருந்துச்சு. கம்பெனி வேறன்னு நெனச்சேன். ரெண்டு மாசம் இப்படியே. நமக்குக் காதே செவிடு, கருமம்னு ஒரு நாள் உக்காந்து அழுதேன்.

கடைசியில கும்பகோணத்துல கிட்டார் கிளாஸ் நடத்துற ஒருத்தர்கிட்ட பஸ்ஸுல தூக்கிட்டுப் போனேன். என் மகன் வயசுதான் இருக்கும். உறையிலேர்ந்து எடுத்துப் பாத்த உடனே கேட்டாரு.

"இது யாரோடதுங்கம்மா?"

"என் தம்பியோடது. எதுக்கு?"

"எடது கைக்காரங்க வாசிக்கிற கிட்டார்ங்க இது. கம்பியெல்லாம் மாத்திக் கட்டியிருக்கு. நீங்க இப்படிப் பிடிச்சா எதுவுமே சரியா வராது."

"என் தம்பிக்குச் சோத்தாங்கைதான்"னேன். சொன்னப்புறம்தான் பழசு ஞாபகம் வந்துச்சு.

அவன் பொறந்ததே பீச்சாங்கைக்காரனாத்தான். எல்லாத்துக்கும் அந்தக் கைதான் முன்னாடி வரும். அம்மா நடவுக்குப் போயிருவாங்க, அவனுக்குச் சோறு போடுறது என் வேலை. அப்பாவுக்குத் தெரிஞ்சா அடி எனக்கும் சேத்து விழும். அவனுக்கு அஞ்சு வயசு, எனக்குப் பதினொண்ணு. மொதல்ல குச்சியால தட்டினேன். அப்புறம் என் ஸ்கூல் ரிப்பனால அந்தக் கையை முதுகோட சேத்துக் கட்டினேன். ஒரு நாள் ரிப்பனை அவுத்துட்டு அந்தக் கையாலயே சோத்தைத் தொட்டான். அடுப்புல கெடந்த தோசைக்கரண்டியை எடுத்துப் புறங்கையில வெச்சுட்டேன். அன்னியோட திருந்திட்டான். நான் திருத்திட்டேன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னாங்க அம்மா. அப்புறம் அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்துச்சு, பத்தாவதுல ரெண்டு தடவை ஃபெயில். தத்தி, தத்தின்னு கூப்பிட்டதும் நான்தான். பாவி நான்.

"கழட்டி மாத்திக் கட்டிரலாம்மா, பத்து நிமிஷ வேலை"ன்னாரு அவரு. வேண்டாங்க, இப்படியே சொல்லிக் குடுங்கன்னேன். பழகாத கை, ரொம்பச் சிரமப்படுவீங்கன்னாரு. பட்டுக்கிறேன்னேன்.

பட்டேன். பீச்சாங்கையால கம்பியைத் தட்டணும்னா சோத்தாங்கை தானா முன்னாடி வந்து நிக்குது. ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டுத் தட்டினாலும் மூணுல தடுக்குது. கம்பியில மூணு விரலையும் ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குச் சேத்து மாத்தவே ஒரு மாசம் ஆச்சு. சொல்லிக் குடுக்குற அந்தப் புள்ளை ஒரு நாள்கூட அதட்டலை. "மெதுவாம்மா, அவசரமே இல்ல"ன்னுதான் சொல்லுவாரு. பஸ்ஸுல திரும்பி வர்றப்ப அதையேதான் நெனச்சுக்கிட்டு வருவேன். இந்த ஒரு வார்த்தையை அன்னிக்கு என் தம்பிக்கு நான் சொல்லலையே.

தலைத் தெவசத்தன்னிக்கு ஐயர் போனதும், படையலுக்கு முன்னாடி பாயைப் போட்டு உக்காந்தேன். "அடி இவளே, தெவச நாளும் அதுவுமா பீச்சாங்கையாலயா?"ன்னு அத்தை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க. நான் நிமிந்தே பாக்கலை. பன்னெண்டு செகண்டுதான் வந்துச்சு, அதுக்கப்புறம் கை மறந்துருச்சு. மிச்சத்தை அவனே வாசிக்கட்டும்னு போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டு விட்டேன்.

வாசிச்சு முடிச்சுட்டுக் கேட்டான். "எப்படிக்கா இருக்கு? திட்ட மாட்டியே?"

வயசான காலத்துல கிட்டார் எதுக்குன்னு திட்டுவேன்னுதான் அவன் கேக்குறான்னு நெனச்சிருந்தேன். வீடியோ ஏன் அனுப்பலைன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. நாப்பது வயசு தாண்டின ஆம்பளை, கடல் தாண்டிப் போயும், எங்கிட்ட அந்தக் கையைக் காட்டப் பயந்துருக்கான்.

"மாட்டேன்டா"ன்னேன். அத்தை யார்கிட்டடி பேசுறேன்னு கேட்டாங்க.