ஐநூறுக்கு உள்ளே

திருத்தணியில் அரக்கோணம் ரோட்டிலிருந்து பிரிந்து மலைப்பக்கம் போகும் தெரு ஒன்றில் ஷரீபுன்னிசா குடியிருக்கிறாள். அவள் கணவர் ஜலால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். மகள் சுபியா தினமும் ரயிலேறி ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய் வருகிறாள். தெருவில் பெரியவர்களுக்கு ஷரீபுன்னிசா 'பாயம்மா'. அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் இளவட்டங்கள் வைத்திருந்த பெயர் 'ஐநூறு யூனிட்டு'.

அந்தப் பெயருக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் மீட்டரில் ரீடிங் எடுக்க ஆள் வருவார். ஐநூறு யூனிட்டுக்குள் நின்றால் சலுகைக் கணக்கு. ஒரே ஒரு யூனிட் தாண்டிவிட்டாலும் கணக்கே வேறு. முன்னால் எரித்ததற்கும் சேர்த்து விலை ஏறிவிடும். ஷரீபுன்னிசா வருஷக்கணக்காக அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. குளிர்பானப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்து, பகலில் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுவாள். சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவாள். மோட்டாரை எப்போது போட வேண்டும், அயர்ன் பாக்ஸை எப்போது எடுக்க வேண்டும் எல்லாம் அவள் வாய்ச்சொல்தான். வெயில் நிலவரத்தில் டிவிக்காரர்கள் முதலில் வாசிக்கிற ஊரில், மலைப்பாறை பொழுது சாய்ந்தும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும் ஊரில், இது சாதாரணக் காரியமில்லை.

சிக்கல் என்னவென்றால் அந்த வீட்டில் இரண்டு போர்ஷன், மீட்டர் ஒன்று. வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி அம்பத்தூரில் இருந்தார். தனி மீட்டர் கேட்டால், "அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா" என்பார். அதனால் மேற்குப் பார்த்த சின்ன போர்ஷனில் எரிவதும் ஷரீபுன்னிசாவின் ஐநூறுக்குள்தான் அடங்க வேண்டும்.

அந்தச் சின்ன போர்ஷனில் இருந்தவள் கோமளவல்லி. நகரிப் பக்கத்துத் தறிக்காரக் குடும்பம். கணவன் இறந்தபின் திருத்தணிக்கு வந்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டிய, ஒடிசலான பெண். மகன் சுதாகர் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. விடியற்காலையில் மலையடிவாரத்துக்குப் போய், மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குச் சந்தனம் பூசிவிடுவாள். உச்சி வெயில் ஏறுமுன் வீடு திரும்புவாள். அவளிடம் இருந்தது ஒரு ட்யூப் லைட், ஒரு சீலிங் ஃபேன். அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் நடுச்சுவரில் விரலால் தட்டுவாள்.

"பாயம்மா, இப்போ போடலாமா?"

ஷரீபுன்னிசா போய் மீட்டர்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வாள். சில நாள், "போட்டுக்கோங்கக்கா." பல நாள், "கொஞ்சம் பொறுங்கக்கா, வெயில் தாழட்டும்." எந்தப் பதில் வந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே மாதிரி, "ஆங், சரி பாயம்மா" என்று கேட்கும். கோமளவல்லி ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. இவர்கள் பக்கம் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது, ஜலால் வாங்கிப் போட்ட ஏர் கூலர் இருக்கிறது என்று சொல்லிக் காட்டியதும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கத்திரி வெயிலில், ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. சுபியாவின் பரீட்சைக்காகக் கூலர் ஓடிக்கொண்டே இருந்ததால், ஐநூறைத் தாண்டிவிடுமோ என்று ஷரீபுன்னிசா பயந்துகொண்டிருந்தாள். மத்தியானம் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவள் மீட்டரைப் போய்ப் பார்க்கவில்லை. படுத்தபடியே சொன்னாள்.

"ரெண்டே நாளுதான்க்கா. பகல்ல மட்டும் தாங்கிக்கினீங்கன்னா போதும்."

"ஆங், சரி பாயம்மா."

குரல் கொஞ்சம் தள்ளாடியதுபோல் இருந்தது. ஷரீபுன்னிசா புரண்டு படுத்தாள். கூலரின் சத்தத்தில் மறுபடி யாரேனும் தட்டினார்களா என்பது அவளுக்குத் தெரியாது.

சாயங்காலமாகியும் அந்தப் பக்கம் கதவு திறக்கவில்லை. ஜலால்தான் உடைத்தார். கோமளவல்லி சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது, அசையாமல் தொங்கிய ஃபேனைப் பார்த்தபடி. தலைமாட்டில் ஈரத்துணி வைத்திருந்திருக்கிறாள். அதுவும் காய்ந்து விறைத்திருந்தது. வெயில் அடித்து உடம்பு தாங்கவில்லை என்றார் டாக்டர். அந்த வாரம் ஊரில் அப்படி வேறு சிலரும் போயிருந்தார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சுதாகர் வந்து அழுதான், காரியம் முடித்தான், பாத்திரம் பண்டங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாவியை ஷரீபுன்னிசாவிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

"எங்கம்மாவுக்கு நீங்க இருக்கீங்கன்னுதான் ஆன்ட்டி நான் தைரியமா இருந்தேன்" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரீடிங் எடுத்தபோது பார்த்தால் ஐநூறுக்கு இன்னும் முப்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம் இருந்தது. அவள் பயந்ததெல்லாம் வீண் பயம். ஒரு ஃபேன் பகல் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட் ஆவதே பெரிது.

இதை அவள் ஜலாலிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த ரீடிங்கில்தான் முதல் முறையாக அவளுக்குக் கணக்கு இடித்தது. சின்ன போர்ஷன் பூட்டிக் கிடக்கிறது. சுபியாவுக்குப் பரீட்சை முடிந்து கூலரும் குறைந்துவிட்டது. ஆனால் யூனிட் குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது.

"மீட்டர் பழசா இருக்கும்" என்றார் ஜலால். அவருக்கு அதில் அக்கறை இல்லை.

ஷரீபுன்னிசாவுக்கு மீட்டரைத் தெரியும். கரண்ட் ஓடும்போது அதில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். அதிகம் ஓடினால் வேகமாக, குறைவாக ஓடினால் மெதுவாக. ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், தன் பக்கத்து சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வெயில் அப்படி வெள்ளையாய் நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

சிவப்பு விளக்கு சிமிட்டியது. நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி சிமிட்டியது. ஒரே ஒரு ஃபேன் ஓடினால் எப்படிச் சிமிட்டுமோ அப்படி.

சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சின்ன போர்ஷனைத் திறந்தாள். காலி அறை. தரையில் புழுதி படிந்திருந்தது, காலடி ஒன்றும் இல்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

சுதாகர் அணைக்க மறந்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் நின்றது. பூட்டிவிட்டு வந்து இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் விளக்கு அதேபோல் சிமிட்டியது. திறந்தாள். சுவிட்ச் கீழ்நோக்கி இருந்தது, ஃபேன் சுற்றியது. புழுதியில் அவளுடைய நேற்றைய காலடி மட்டும்தான் இருந்தது.

ஜலாலின் அண்ணன் மகன் முஸ்தஃபா எலக்ட்ரீஷியன். அவன் வந்து பார்த்தான். ஒயரை ஆராய்ந்தான், டெஸ்டர் வைத்தான், பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டான்.

"ஸ்பிரிங் போயிருக்கும் சாச்சி, தானா விழுந்திருக்கும். இனிமே ஒண்ணும் ஆவாது."

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் புது சுவிட்சும் விழுந்திருந்தது. இந்த முறை முஸ்தஃபாவுக்கும் முகம் மாறியது. அந்தப் பக்கத்துக்குப் போகும் ஃபியூஸ் கட்டையையே பிடுங்கி அவள் கையில் கொடுத்தான்.

"இத வெச்சிக்கோங்க. இது இல்லாம ஒலகத்துல எந்த ஃபேனும் சுத்தாது."

அது உண்மைதான். ஃபேன் சுற்றவில்லை. மறுநாள் மீட்டரில் விளக்கு அவள் வீட்டுக் கணக்குக்கு மட்டும் சிமிட்டியது. ஷரீபுன்னிசா பல நாளைக்குப் பிறகு மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். ஆடி பிறந்தும் வெயில் குறையாத நாள் அது. மலைக்குப் போகிற காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் ரோட்டுப் பக்கம் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

சுபியாதான் வந்து எழுப்பினாள். அன்று கல்லூரி லீவு. அவள் முகம் வெளிறியிருந்தது.

"அம்மி, பக்கத்து ரூம்ல யாரு?"

"ஏன்?"

"சொவத்த தட்றாங்க. உன்ன கூப்புட்றாங்க."

ஷரீபுன்னிசா எழுந்து உட்கார்ந்தாள். வீட்டில் அவர்களுடைய ஃபேனின் சத்தம் மட்டும். பிறகு நடுச்சுவரில், வழக்கமான அதே இடத்தில், விரல் முட்டியால் தட்டுவதுபோல் மெல்ல ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, தொண்டை வறண்ட ஒரு குரல், மரியாதையாக, தொந்தரவு கொடுத்துவிடுவோமோ என்ற தயக்கத்தோடு.

"பாயம்மா, இப்போ போடலாமா?"

சுபியா வாயைப் பொத்திக்கொண்டாள். ஷரீபுன்னிசாவுக்கு ஓதுவதற்கு ஒரு சொல்கூட நாக்கில் வரவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால், அழுதிருந்தால், பயந்து தெருவுக்கு ஓடியிருப்பாள். அந்தக் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. இன்னும் அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

ஃபியூஸ் கட்டையை எடுத்தாள். "அம்மி போவாதே" என்று சுபியா கையைப் பிடித்ததை விலக்கிவிட்டு மீட்டர்ப் பெட்டிக்குப் போய் அதை இருந்த இடத்தில் அழுத்தினாள். சின்ன போர்ஷனின் கதவைத் திறந்து உள்ளே போனாள். அறை அடுப்புப்போல் தகித்தது. மேற்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. இரண்டு நிமிஷத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. இத்தனை வருஷத்தில் ஒரு மத்தியானம்கூட அவள் இந்த அறைக்குள் வந்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த இடத்தில் உட்கார்ந்துதான் அந்தப் பெண், "ஆங், சரி" என்று சொல்லியிருக்கிறாள்.

சுவிட்சைப் போட்டாள்.

"போட்டுக்கோங்கக்கா. பகலும் போட்டுக்கோங்க, ராவும் போட்டுக்கோங்க. எவ்ளோ ஆனாலும் நான் பாத்துக்கறேன்" என்றாள். "அன்னிக்கு நான் மீட்டர பாக்கவே இல்லக்கா. படுத்துக்கினே சொல்லிட்டேன்."

ஃபேன் சூட்டுக் காற்றை இறைத்தது. அவள் அதன் கீழே தரையில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்து ஜலால் தேடிக்கொண்டு வந்தபோதும் அங்கேயேதான் இருந்தாள். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றார்.

"எப்போ?"

"அன்னிக்குத்தான். அந்தம்மா போன அன்னிக்கு. சாப்புட வந்தேனே, கெளம்பறப்போ சொவத்துல ரெண்டாவது தபா தட்டுச்சு. நீ தூங்கிக்கினு இருந்தே. எழுப்பினா திட்டுவியேன்னு நான் பாட்டுக்கு கடைக்குப் போயிட்டேன்."

கதவைப் பூட்டும்போது இருவருமே ஃபேனை அணைக்கவில்லை.

அந்த வெயில்காலத்தின் மிச்சம் முழுக்கப் பூட்டிய அறையில் ஃபேன் ஓடியது. இரண்டு மாதக் கணக்கு ஐநூறைத் தாண்டியது. தெருவில் அது ஒரு செய்தியாகவே பேசப்பட்டது. ஜலால் கட்டிவிட்டு வந்தார். ஐப்பசி மழை தொடங்கி ஊர் குளிர்ந்த ஒரு நாள் அறையைத் திறந்தபோது ஃபேன் நின்றிருந்தது, சுவிட்ச் மேல்நோக்கி இருந்தது. அதன்பின் அது தானாக ஓடவில்லை. சுந்தரமூர்த்தி அடுத்த குடித்தனக்காரரை அனுப்பியபோது, தனி மீட்டர் வந்தபிறகுதான் சாவி தருவேன் என்று ஷரீபுன்னிசா அடம்பிடித்தாள். மாசியில் மீட்டர் வந்தது. அனுராதா என்று ஒரு டீச்சர் குடிவந்தாள். அவளுக்கு அந்த அறையில் எந்தக் குறையும் தெரியவில்லை.

இந்தக் கோடையில் நடந்ததுதான் தெருவையே கொஞ்சம் அச்சப்பட வைத்தது. வெயில் உச்சியில் இருந்த ஒரு மத்தியானம் ஷரீபுன்னிசா தூக்கத்திலிருந்து எழுந்தாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல், தார் ரோட்டில் நடந்தாள். சுபியா கூப்பிட்டும் திரும்பவில்லை. தெருக்கோடியில் தனியாக இருக்கிற மணியம்மை வீட்டுக்கு நேராகப் போய்க் கதவைத் தட்டினாள். அதுவரை அந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. உள்ளேயிருந்து சத்தம் இல்லை. எதிர் வீட்டு ஆட்களைக் கூவி அழைத்துக் கதவை நெம்பச் செய்தாள்.

மணியம்மை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நினைவில்லாமல் கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஃபேன் ஓடவில்லை. தண்ணீரை ஊற்றி, ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் அங்கிருந்த நர்ஸ்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"சொவத்துல தட்டிக் கூப்ட்டாங்க" என்றாள் ஷரீபுன்னிசா. யார் என்று அவள் சொல்லவில்லை. அவளுடைய உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துப்போயிருந்ததை நர்ஸ்தான் பார்த்து மருந்து போட்டாள்.

சாயங்காலம் மணியம்மை கண் விழித்தாள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையை அசைத்துப் பக்கத்தில் இருந்தவளைத் தேடினாள்.

"பாயம்மா, எங்கூட்ல எதுனா எரிஞ்சிக்கினு இருக்குதா? ஃப்ரீயா குடுக்கற நூறு யூனிட்டு தாண்டிடப் போவுது."

"ஃபேன போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள் ஷரீபுன்னிசா. "ஓடட்டும். பேசாம படுங்க."