இடதுபக்க ஜன்னல்

விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் மொத்தம் மூன்று மேசைகள். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முதலில் இருப்பது அவருடையது. இருபத்திரண்டு வருடங்களாக அதே மேசை, அதே நாற்காலி; நாற்காலியின் மெத்தை மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. அவருக்கு அங்கே ‘இடதுபக்கம்’ என்று பெயர். முதலாளியிலிருந்து தரை துடைக்க வரும் அம்மாள் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் அதை ஒரு பட்டம் போலவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

பெயர் வந்த கதை பெரிய ரகசியமில்லை. பக்கத்து மலை நாட்டுக்குத் தினம் ஒரு விமானம் உண்டு. காலை பத்தரைக்குக் கிளம்பி ஒரு மணி பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். அந்த விமானத்துக்கு யார் டிக்கெட் வாங்கினாலும், உறைக்குள் போட்டு நீட்டுவதற்கு முன் அவர் சிவப்புப் பேனாவை எடுப்பார். உறையின் மேல், “போகும்போது இடதுபக்க ஜன்னல். வரும்போது வலதுபக்கம். கிளம்பி முப்பத்தைந்தாவது நிமிடம் வெளியே பார்க்கவும்” என்று எழுதுவார். பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி அடிக்கோடும் போடுவார். திரும்பி வந்தவர்கள் வாயெல்லாம் பல்லாக வந்து நிற்பார்கள். “சார், நீங்க சொன்ன மாதிரியே! பனிமலை, ஒரே வெள்ளை! அப்படியே கைக்கு எட்டற தூரத்துல!”

“நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க சார்?” என்று அடுத்த கேள்வி வரும். அப்போதுதான் அவருக்கு ஸ்டேப்ளரில் பின் தீர்ந்துபோனது ஞாபகத்துக்கு வரும். குனிந்து மேசை இழுப்பறையைக் குடைய ஆரம்பித்துவிடுவார். ஏனென்றால் மனிதர் அந்த மலையை மட்டுமல்ல, எந்த விமானத்தின் உள்பக்கத்தையும் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் அந்த மலையைக் கரைத்துக் குடித்தவர் அவர். அதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். நீல அட்டை போட்ட, தடிமனான நோட்டு. போய்வந்த ஒவ்வொருவரிடமும் எந்தத் தேதியில் போனீர்கள், மலை தெரிந்ததா என்று விசாரித்துத் தேதிவாரியாக எழுதி வைப்பார். தெளிவு, பாதி மேகம், முழு மேகம். இருபத்திரண்டு வருடத்து வானம் அந்த நோட்டில் இருந்தது. இன்ன மாதம் இன்ன வாரம் மேகம் விலகும் என்று அதைப் புரட்டிச் சொல்வார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். வானிலை அலுவலகத்துக்கே இவ்வளவு கிடையாது என்று முதலாளி கிண்டல் செய்வார். கிண்டல் என்பது இவருக்கு மட்டும் புரியாது.

அந்த மலை நாட்டில்தான் அவருடைய மனைவியின் அக்கா இருந்தாள். அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் தங்கையைத் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவள். மருந்துக்கடை வைத்திருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு மலை நாட்டுக்குப் போய்ப் பதினெட்டு வருடமாகிறது. நடுவில் ஒரே ஒரு முறை வந்துபோனாள். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசி. தங்கை தையல் மிஷினை நிறுத்திவிட்டு, பாதி தைத்த பள்ளிச் சீருடையை மடியில் வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசுவாள். கடைசியில் போன் இவர் கைக்கு வரும்.

“என்ன தம்பி, ஊரையே எங்க ஊருக்கு அனுப்பி வைக்கிறீங்க. என் தங்கச்சிய மட்டும் அனுப்ப மாட்டேங்கறீங்க?”

“வரும்போது நல்ல தெளிவான நாளாப் பாத்துக் கூட்டிட்டு வருவேன் அண்ணி. முதல் தடவை ஏறப் போறா. மலை தெரியலைன்னா என்ன பிரயோஜனம்?”

“அட, மலையப் பாக்க ப்ளேன் எதுக்கு தம்பி? எங்க வீட்லேர்ந்தே தெரியுது.”

“கீழேர்ந்து பாக்கறது வேற, மேலேர்ந்து பாக்கறது வேற அண்ணி” என்பார் இவர். இரண்டு பக்கமிருந்தும் பார்க்காத மனிதர் பேசுகிற பேச்சா இது?

தட்டிக்கழிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததேயில்லை. அதுதான் இதில் கொடுமை. மலை தெளிவாகத் தெரிகிற மாதங்களில்தான் ஊரே கிளம்பும். ஊரே கிளம்பும்போது டிக்கெட் போடுகிறவர் எப்படிக் கிளம்புவது? முதலாளி லீவு தரமாட்டார். கூட்டம் ஓய்ந்து லீவு கிடைக்கிற மாதங்களில் ஒரே மேகம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார். மனைவியின் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமலே காலாவதியாகி, புதுப்பிக்கப்பட்டு, மறுபடியும் அலமாரித் துணிகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சகலை கூப்பிட்டார்.

“அவளுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்ல. நெஞ்சுல நீர் கோத்திருக்காம். ஒரு வாரம் ஆஸ்பத்திரில இருந்துட்டு நேத்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். தங்கச்சியப் பாக்கணும், பாக்கணும்ங்கறா. அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல சகலை. உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்ப வாங்க.”

அவசரமில்லை என்று சொல்வதற்காக யாராவது காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவார்களா? டிக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை எல்லாம் வரி விடாமல் படிக்கிற மனிதருக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். “நாளைக்கே போலாமாங்க?”

“இரு, பாக்கறேன்.”

அலுவலகம் போய்ப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை விமானம் நிரம்பிவிட்டிருந்தது. புதன்கிழமை இரண்டு இருக்கைகள் இருந்தன. இரண்டும் வலதுபக்கம், அதிலும் நடுவில். நோட்டைப் புரட்டினார். அந்த வாரம் முழுக்க, எந்த வருடத்தை எடுத்தாலும், முழு மேகம். அடுத்த வாரக் கடைசியில் விலகும். அந்தச் சனிக்கிழமை விமானத்தில் நாலாவது வரிசை இடதுபக்க ஜன்னலும் அதை ஒட்டிய இருக்கையும் காலியாக இருந்தன. பதினெட்டு வருடம் காத்திருந்தவளை நடு இருக்கையில் திணித்து மேகத்துக்குள் கூட்டிப்போவதா? பன்னிரண்டே நாள். அண்ணிதான் வீட்டுக்கு வந்துவிட்டாளே. சனிக்கிழமைக்குப் போட்டார். முதலாளியிடம் லீவும் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சிவப்புப் பேனாவால் தன் வீட்டு உறையின் மேல் எழுதினார். அடிக்கோடு இரண்டு தடவை போட்டார். சந்தோஷம்.

“பன்னெண்டு நாளா?” என்றாள் மனைவி உறையைப் பார்த்துவிட்டு.

“புதன்கிழமை ரெண்டு சீட் இருக்கு, ஆனா ஒரே மேகமா இருக்கும். சனிக்கிழமைதான் வானம் சுத்தமா இருக்கும்மா. நாலாவது வரிசை. றெக்கை மறைக்காது.”

“அக்கா எப்படி இருக்காளோ...”

“அவசரமில்லன்னு சகலையே சொன்னாரே.”

அவள் உறையைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “நீங்க சொன்னா சரி” என்று தலையாட்டினாள். ஊருக்கெல்லாம் வழி சொல்கிற மனிதர். வீட்டுக்குத் தப்பாகவா சொல்லிவிடுவார்?

அந்தப் பன்னிரண்டு நாளில் அவள் மிஷினில் அக்காவுக்கு மூன்று நைட்டி தைத்தாள். கையைத் தூக்க முடியவில்லை என்று அக்கா போனில் சொன்னதால் முன்பக்கம் பித்தான் வைத்துத் தைத்தாள். அளவுக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை, அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே அளவு. தினமும் போனில் அக்காவின் குரல் கேட்கும். நாளாக ஆக, அந்தக் குரல் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கியது. “சனிக்கிழமைதானே? வாடி. இருக்கேன்” என்பாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றேகால் மணிக்குச் சகலை வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. பேசியது சகலை இல்லை, அவருடைய கடையில் வேலை செய்பவர். அண்ணி போய்விட்டாள். காலையில் பால் குடித்துவிட்டுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சாயங்காலமே எடுத்துவிடுவார்கள், அங்கே வைத்திருக்க வசதியில்லை.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைய விமானம் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த விமானம் நாளைக் காலை. அவர் பார்த்துப் பார்த்து எடுத்த, நாலாவது வரிசை இடதுபக்க ஜன்னல்.

வீட்டுக்குப் போய் அதை எப்படிச் சொன்னார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் எல்லாம் அவர் போட்ட திட்டப்படியே நடந்தது. மழை இல்லை. விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. ஆயிரம் பேருக்கு வழி சொன்னவர் விமான நிலையத்தில் தப்பான வரிசையில் போய் நின்றார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள்; கழற்றிவிட்டு மறுபடி போட மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். வேறொரு நாளாக இருந்தால் அதை நினைத்து நினைத்து இருவரும் வருடக்கணக்கில் சிரித்திருப்பார்கள்.

அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நைட்டிகள் இருந்த பையை மேலே வைக்கக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். விமானம் ஏறியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். கண் கேட்கவில்லை. முப்பத்தைந்தாவது நிமிடம், எழுதி வைத்தது போலவே, மலை வந்தது. ஒரு துண்டு மேகமில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளை. முன் வரிசையில் யாரோ “ஆகா” என்றார்கள். அவள் மடியில் இருந்த பையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க இங்க வந்து உக்காந்துக்கறீங்களா? நீங்கதான் பாக்கணும்னு ஆசைப்பட்டீங்க.”

“வேணாம்மா.”

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். “ஏங்க, போன வாரம் புதன்கிழமை மேகமா இருந்துச்சா?”

“ஆமா. முழு மேகம்.”

“ப்ளேன் போச்சா?”

“போச்சு.”

“எத்தனை மணிக்கு?”

“இதே நேரத்துக்குத்தான்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால், அழுதிருந்தால், நெஞ்சில் குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஒரு வாடிக்கையாளர் விவரம் கேட்டுத் தெரிந்துகொள்வது போல் அவள் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

மலை நாட்டில் மருந்துக்கடைக்கு மேலே வீடு. இரண்டாவது மாடியில் அக்காவின் அறை. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட்டிருந்தார்கள். சலவை விரிப்பு கசங்காமல் இருந்தது. “தங்கச்சி வந்தா இங்கதான் படுக்கணும்னு போன வாரம் திங்கட்கிழமையே போடச் சொல்லிட்டா” என்றார் சகலை. மனைவி மூன்று நைட்டிகளையும் எடுத்து அந்தக் கட்டிலின் மேல் வைத்தாள். இரவு அதிலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு, அக்காவுக்காகத் தைத்த பித்தான்களைத் தானே மாட்டிக்கொண்டு, அங்கேயே படுத்தாள்.

விடிந்து ஆறு மணிக்கு அவர் அறைக்குள் வந்தபோது, அவள் எழுந்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே மலை நின்றது. விமானத்திலிருந்து பார்த்த அதே மலை, இன்னும் பெரிதாக, ஜன்னல் சட்டம் கொள்ளாமல்.

காப்பியோடு வந்த சகலை, “இது தினமும் தெரியுமே” என்றார். “மேக மாசத்துலகூடக் காலைல விலகிடும். பத்து மணிக்கு மேலதான் மூடும். போன வாரம் பூரா படுத்துக்கிட்டே பாத்துட்டு இருந்தா. ‘இதைக் காட்டத்தான் தம்பி நல்ல நாளாப் பாத்துட்டு இருக்காரு, பாவம், நாமளும் காத்திருப்போம்’னு சொல்லிச் சிரிச்சா.”

இருபத்திரண்டு வருடம் எழுதிய நோட்டுக்குப் பதினொரு மணி வானம் மட்டும்தான் தெரிந்திருந்தது. விமானம் அந்த நேரத்தில்தானே போகும். அவர் காப்பியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். மனைவி எழுந்து வந்து டம்ளரை மட்டும் வாங்கி ஜன்னல் திண்டில் வைத்தாள்.

ஊர் திரும்பிப் பத்து நாளைக்குப் பிறகு ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு வந்தார். “மலை நாட்டுக்கு ரெண்டு டிக்கெட் வேணும் சார். மலை நல்லாத் தெரியற நாளா நீங்க பாத்துச் சொல்வீங்களாமே?”

நீல நோட்டு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. “அங்க யாரையாவது பாக்கப் போறீங்களாம்மா?” என்று கேட்டார்.

“எங்க சித்தி இருக்காங்க. வயசாயிடுச்சு. அவசரமில்ல.”

“நாளைக்கு ரெண்டு சீட் இருக்கு. நடுவுல. போட்டுடறேன்.”

“ஜன்னல் கிடைக்காதா சார்? மேகமா வேற இருக்குங்கறாங்க.”

“மேகமா இருந்தாலும் ப்ளேன் போகும்மா” என்றார் அவர். உறையை எடுத்து, மேலே எதுவும் எழுதாமல் நீட்டினார்.