சைலன்சர் போட்ட துப்பாக்கி

ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டைத் தாண்டிக் காட்டோரத்தில் இருக்கும் சுடுதிடலில் நிற்கிறேன். என்னைக் கூட்டிவந்த யூட், நகரத்தில் பஸ் ஓட்டும் மன்னார்க்காரர். எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வருடாவருடம் இங்கே சுட்டுக்காட்டித் தேற வேண்டுமாம். தன் மேக்னம் துப்பாக்கியின் முனையில் கறுப்பு சைலன்சரைத் திருகிப் பூட்டுகிறார்.

"காதை வடிவா மூடுங்கோ அண்ணை."

சினிமாவில் கேட்ட மெல்லிய 'புஸ்' சத்தத்தை எதிர்பார்த்து, காதுமூடியின் ஒரு பக்கத்தை விலக்கி வைக்கிறேன். அவர் சுடுகிறார். அடுத்த கணம் நான் ஈரச் சரளையில் குப்புறக் கிடக்கிறேன். பக்கத்தில் நிற்கும் நோர்வேக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்க்கிறார்கள். யூட் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்.

"நானும் முதல் நாள் இப்பிடித்தான் விழுந்தனான்."

"சைலன்சர் இருந்துமா இவ்வளவு சத்தம்?"

"ஓம். வெடிச்சத்தம் குறையும், தோளிலை உதைக்கிறதும் குறையும். குண்டு காத்தைக் கிழிக்கிற சத்தம் அப்பிடியேதான் இருக்கும். ஆனா எந்தப் பக்கத்தாலை சுட்டது எண்டு எல்குக்குப் பிடிபடாது. திகைச்சுப்போய் நிக்கும்."

சத்தம் வந்த பக்கத்தைக் காதால் கண்டுபிடித்து, மறுபக்கம் ஓடித்தான் நாங்கள் யுத்தக் காலத்தில் ஊரில் தப்பினோம். அதை அவரிடம் சொல்கிறேன். யூட் துப்பாக்கியைத் தாழ்த்திச் சைலன்சரைப் பார்க்கிறார்.

"முதல் குண்டு படாமல் போனால் நான் திரும்பச் சுடுறேல்லை. வேட்டைக்குக் கூட வாறவை ஏசுவினம், ஏசட்டும். எந்தப் பக்கம் ஓடுறது எண்டு எல்க் யோசிச்சு முடிக்கட்டும்."