இறங்கச் சொன்னவர்

லாரியின் முன்சக்கரங்கள் வேபிரிட்ஜ் எடைமேடையில் ஏறியதுமே டிரைவர் உசேன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டிவிட்டார். கம்பிக்கடை மாசானம் அண்ணாச்சி கையை உயர்த்தி அவரைத் தடுக்கிறார்.

"எறங்காதல. அப்படியே ஒக்காரு."

"லோடு எடை, அண்ணாச்சி."

"எனக்குத் தெரியாதா? ஒக்காரு."

உசேன் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார். இருபது வருடப் பழக்கத்தை ஒரு சொல்லில் மாற்றச் சொன்னால் மனிதருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்க்கிறார். கிளீனர் பையன் சிரிப்பை அடக்குகிறான். எடை விழுகிறது. நான் எடை அறையின் சன்னல் வழியாகச் சீட்டை நீட்டுகிறேன். அண்ணாச்சி அதைப் பார்க்காமலே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்கு இது வேடிக்கையான காட்சி. மில்லிலிருந்து கம்பி வரும்போது லாரியைப் பாரத்தோடு ஒருமுறை எடை போடுவார்கள். கம்பியை இறக்கியபின் காலியாக ஒருமுறை. கழித்தால் வருவது கம்பியின் எடை. வாங்குகிற கடைக்காரருக்கு அது எவ்வளவு குறைவாக விழுகிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே பாரத்தோடு நிற்கும்போது லாரியிலிருந்து எல்லாரும் இறங்க வேண்டும். காலியாக நிற்கும்போது எல்லாரும் ஏறிக்கொள்ள வேண்டும். மில்காரர்கள் அவர்கள் பக்கத்தில் இதையே தலைகீழாகச் செய்வார்கள். யாரும் இதை ஏமாற்று என்று சொல்வதில்லை. தொழில் என்பார்கள்.

அந்தத் தொழிலில் அண்ணாச்சிக்கு நிகர் கிடையாது. "எறங்கு, எறங்கு!" என்ற அவர் குரல் மணலி சாலையில் நிற்கும் கன்டெய்னர் வண்டிகளின் ஹார்னைத் தாண்டிக் கேட்கும். டிரைவர், கிளீனர், ஸ்டெப்னி, தார்ப்பாய், தண்ணீர்க் கேன், சோற்றுத் தூக்கு எல்லாம் இறங்கும். சாமி படத்தையும் 786 ஸ்டிக்கரையும் மட்டும் விட்டுவைப்பார். "அவுகளுக்கு எடை கெடையாது" என்பார்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் வந்தவர். இப்போது மீசை நரைத்துவிட்டது. தினமும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். மதியத்துக்குள் இரண்டு முழங்கையிலும் துரு ஏறிவிடும். காசிமேட்டில் மீன் வாங்கும்போது தராசுத் தட்டின் அடியை விரலால் தடவிப் பார்ப்பார். எடை என்று யார் கேட்டாலும் அவர் வாய் தானாக நாலு கிலோ குறைத்துச் சொல்லும். திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் காசு போட்டு எடை பார்க்கும் பெட்டி இருக்கிறது. அதில் ஏறினால்கூடப் பக்கத்துத் தூணில் ஒரு கையை வைத்துக்கொள்வார். யாருக்காகக் குறைக்கிறார், அட்டையில் என்ன எழுதி வந்தால் அவருக்கு என்ன என்று யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்து இந்தச் சந்தையில் எந்த ஆணும் தராசில் சும்மா நிற்பதில்லை.

ஜனவரி வரை இப்படித்தான் இருந்தார்.

கம்பி விற்கும் கம்பெனி ஒன்று, நன்றாக விற்ற கடைக்காரர்களை மனைவியோடு ஜெய்ப்பூருக்கு அழைத்துப் போனது. எங்கள் சந்தையிலிருந்து மூன்று ஜோடிகள். கோட்டை, ஒட்டகம், கண்ணாடி வைத்த துணிக்கடை எல்லாம் முடிந்து, கடைசி நாள் விடியலில் ராட்சத பலூன். திரும்பி வந்த முதல் வாரமே அண்ணாச்சி டிரைவர்களை இறக்குவதை நிறுத்திவிட்டார். காரணத்தை என் சன்னலில் சொன்னவர் அண்ணாச்சிக்கு அடுத்த கடை கிருஷ்ணப்பன். அவரும் அந்தப் பலூனில் போனவர். அண்ணாச்சி கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார்.

"விஷயம் தெரியாதாமா உனக்கு? இருட்டோட மைதானத்துக்கு இட்டுகினு போனாங்க. குளுருன்னா அப்டி ஒரு குளுரு. பாத்தா, அங்க ஒரு எடை மெஷினு! நமக்குன்னே வெச்ச மாதிரி. ஒவ்வொரு ஆளா ஏறணும். ஒரு பையன் நெம்பரக் கூவுறான்."

அண்ணாச்சியின் கடையில் மேஸ்திரியாக இருக்கும் அப்பாவு, தோளில் துண்டோடு வந்து நின்றார். வியாசர்பாடிக்காரர்; முதலாளி, தொழிலாளி என்று யாருக்காகவும் நாக்கை அடக்காதவர்.

"அண்ணாச்சி சம்சாரம், நம்ம அண்ணி ஏறுனாங்க. முன்னாடியே கம்பெனிக்குப் போன்ல அண்ணாச்சி சொல்லி வெச்ச எடைய விட எகிறிப் போச்சு. நான் சொன்னேன், 'அண்ணாச்சி, இத்தினி வருஷத்துல ஷார்டேஜு பாத்துக்கிறேன், எக்ஸஸ்சு இப்பதான் பாக்குறேன்'னு. எல்லாம் சிரிச்சிட்டாங்க. அண்ணியும்தான் சிரிச்சாங்க."

"அப்பால?" என்றார் அப்பாவு.

"அப்பால இன்னா, எல்லாத்தையும் கூட்டிப் பாத்தான், கணக்கு சரியா வந்துச்சு, ஏத்திகினான். வெள்ளக்கார பைலட்டு. நெருப்ப விடுறான், துணி பொங்குது, கூடை தரைய விட்டு எழும்ப மாட்டேங்குது. ஒரு ஆளு எறங்கணும்னுட்டான். எவனும் எவன் மூஞ்சியும் பாக்கல. அப்பதான் நம்ம அண்ணாச்சி வுட்டாரு பாரு ஒரு சவுண்டு..."

கிருஷ்ணப்பன் கழுத்தை நீட்டி, அண்ணாச்சியின் குரலை அப்படியே எடுத்துக் காட்டினார்.

"'எறங்கு, எறங்கு!' கிளீனர சொல்ற அதே தொண்டை. யாரப் பாத்து? அண்ணியப் பாத்து!"

சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார்.

"இன்னாத்துக்கு இளிக்கற மொதலாளி?" என்றார் அப்பாவு. "நீயுந்தான உள்ள நின்னுகினு இருந்த? உன் காலு இன்னா கூடைல ஒட்டிகினு வர மாட்டேன்னுச்சா?"

கிருஷ்ணப்பனின் சிரிப்பு நின்றது. அண்ணாச்சி முழங்கையில் இருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "உள்ளதுதான். சொன்னேன்" என்றார். பிறகு கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி அம்மாள் தினமும் மதியம் அவருக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு வருவார். அண்ணாச்சி சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மாள் கல்லாவில் உட்கார்ந்தால் மாலைவரை கடை அவருடையது. பில் போடுவதில் அண்ணாச்சியைவிட வேகம். பருமனான உடம்பு, அதைச் சுமையாக நினைத்து அவர் நடந்து நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் அண்ணாச்சி வாடிக்கையாளர் முன்னாலேயே, "எங்க வீட்டு எட்டு எம்.எம். கம்பி பண்டல் வந்துட்டு" என்பார். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே, "தூக்க ஆளில்லாம நானே நடந்து வந்தேன்" என்பார். அந்த வேடிக்கை இப்போது கடையில் இல்லை.

அன்று மைதானத்தில் அந்தப் பையன் கூவிய எண்ணை இந்தச் சந்தையில் பலர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

வேபிரிட்ஜ் சீட்டின் நகல்களைக் கொடுக்க நான் பிற்பகலில் கடைகளுக்குப் போவேன். கல்லாவுக்கு நேர் எதிரே, அண்ணாச்சி உட்காரும் நாற்காலிக்கு முன்னால், ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருக்கிறது. கம்பெனி சட்டம் போட்டு அனுப்பியது. கீழே 'ஜனவரி 2009' என்று பொன் எழுத்து. சிவந்த வானம், அதன் நடுவே கூடை, கூடைக்குள், பைலட்டைச் சேர்க்காமல், கையசைக்கும் ஐந்து பேர். மன்னிக்கவும், நான்கு பேர்தான் கையசைக்கிறார்கள். ஐந்தாமவர் அண்ணாச்சி. அவர் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதை யார் மாட்டியது என்று ஒருநாள் தயங்கிக் கேட்டேன்.

"நாந்தான்" என்றார் செல்லக்கனி அம்மாள். "அவுக குடோனுக்குள்ள திருப்பி வச்சிருந்தாவ. கம்பெனிக்காரவ பிரேம் போட்டு அனுப்பியிருக்காவ, மாட்டாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சில்லறையை எண்ணுகிற குரல். நான் கிளம்பும்போது, நான் கேட்காத ஒன்றையும் சொன்னார்.

"எனக்கு வருத்தம், எறங்கச் சொன்னதுகூட இல்ல தாயி. சேலையப் புடிச்சுக்கிட்டு அந்தக் கூடையில கால் வச்சு எல்லாரும் பாக்க எறங்குனேன், அதுகூட இல்ல. மெசின்ல பொம்பளைங்க மூணு பேரும் நேரா நின்னோம். ஆம்பளைங்க ஒவ்வொருத்தரும் அந்தப் பையன் தோள்மேல கைய வச்சுக்கிட்டுல்லா நின்னாவ. கூடை பெறவு எப்படி எழும்பும்? அவுக கை எங்க இருந்துச்சுன்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவ்வளவுதான். அடுத்த பில்லுக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி இந்தப் பயணத்தைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. லாரி வரத் தாமதமான ஒரு காலை, சன்னலோரம் நின்றுகொண்டு எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"மேல போனதும் எல்லாவனும் அந்தப் பக்கமாத் திரும்பி சூரியனப் பாத்தான். நான் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன். பலூன் எறங்குத எடத்துக்கு ஒரு ஜீப்பு கீழயே வரும். அதுலதான் அவள ஏத்தியிருந்தான். எல்லார் பையும் அவ மடியில. மணல் பாதை... லைட்டு போட்டுக்கிட்டே வருது, நிக்கிது, வழி தெரியாமத் திரும்புது, மறுபடி வருது. கடைசிவரைக்கும் அதத்தான் பாத்தேன்."

லாரி வருகிறதா என்று சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எறங்கினதும் தண்ணி பாட்டில நீட்டிக்கிட்டு நிக்கா. 'சூரியன் நல்லாத் தெரிஞ்சுதா'ங்கா. தெரிஞ்சுதுன்னுட்டேன்."

பொய் சொன்னதற்காக வெட்கப்பட்டாரா, அதற்கும் முந்தையதற்காகவா என்று அவர் முகத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை.

அவருக்குத் தண்டனை என்று ஒன்று இருந்தால் அது மாலையில்தான் தொடங்குகிறது. அவர்கள் வீடு காலடிப்பேட்டையில். கடை மூடியதும் அண்ணாச்சி பழைய சேட்டக் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவார். செல்லக்கனி அம்மாள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, காலிக் கேரியரை மடியில் வைத்துக்கொள்வார். ஜெய்ப்பூரிலிருந்து வந்த மறுநாள் அண்ணாச்சி வழக்கம்போல வண்டியைக் கிளப்பி நின்றார். அந்த அம்மாள் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

"வண்டிக்குப் பாரம். நான் நடந்தே வாறேன்."

அன்றுமுதல் ஒவ்வொரு மாலையும் அந்த அம்மாள் சாலையோரமாக நடக்க, அண்ணாச்சி முதல் கியரில், இரண்டு கால்களையும் தரையில் தேய்த்தபடி பின்னால் வருகிறார். கன்டெய்னர் வண்டிகள் ஹார்ன் அடித்து அவரை ஓரம்கட்டுகின்றன. சுமை இறக்குகிறவர்கள் கூவுகிறார்கள்: "இன்னா அண்ணாச்சி, கால்லயே ஓட்றதுக்கு பெட்ரோலு எதுக்கு? கலீஜா கீது!" அவர் திரும்புவதில்லை. "ஏறிக்கயேன் கனி" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். பிறகு அதுவும் இல்லை.

சென்ற சனிக்கிழமை பிற்பகல் நான் நகல்களோடு போனபோது கடையில் கூட்டம். கம்பிக்கட்டு எடை போடும் தராசு வாசலில் காலியாக இருந்தது. அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தார். நேராகப் போய் அதன் மேல் ஏறி நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. குடோன் சாவிக்கொத்து இடுப்பில், செல்போன் பையில். பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புத் தூண் இருக்கிறது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்பாவு, வாசி."

"இன்னாத்த வாசிக்கறது?"

"நெம்பர வாசி. சத்தமா."

அப்பாவு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கல்லாவைப் பார்த்தார். எதற்கும் வேடிக்கை பேசுகிற மனிதர், இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, லாரி எடையைக் கூவுவதுபோலத் தெரு முழுக்கக் கேட்கக் கூவினார்.

"தொண்ணூத்தி எட்டு!"

அடுத்த கடை வாசலில் கிருஷ்ணப்பன் தேநீர் டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னொருக்க வாசி."

"தொண்ணூத்தி எட்டு, அண்ணாச்சி. எறங்கு, போதும்."

கம்பி வாங்க வந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கையிலிருந்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டேன். கிருஷ்ணப்பன் டம்ளரோடு உள்ளே போனார். செல்லக்கனி அம்மாள் தலையைத் தூக்கவில்லை. "யாரு அடுத்தது?" என்று கேட்டு, பில்லைக் கிழித்து நீட்டினார்.

மாலையில் நான் வேபிரிட்ஜைப் பூட்டிவிட்டு, அவர்களுக்குச் சற்றுப் பின்னால் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாள் வழக்கம்போலக் கேரியரோடு நடந்தார். அண்ணாச்சி வண்டியைக் கிளப்பவில்லை. இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு அவருக்கு ஓரடி பின்னால் வந்தார். சேட்டக் கனமான வண்டி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மணலி சாலை முனையில் கன்டெய்னர் வண்டிகளின் வரிசை குறுக்கே நின்றது. அந்த அம்மாள் நின்றார். அண்ணாச்சியும் நின்றார். வரிசை நகரத் தொடங்கியபோது செல்லக்கனி அம்மாள் பக்கவாட்டில் கையை நீட்டி, காலிக் கேரியரை ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்தார். அவர் ஏறவில்லை. அது விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வண்டியோடு சேர்ந்து நடந்தார்.